கொசுறாகப் போன இரும்பு

எங்கள் பவுண்டரியில் ஊற்றிய இரும்பை யாராவது குறை சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. அன்றைக்கும் இறங்கவில்லை. ஆஸ்திரியாவில் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் குட்டி ரயில் ஓட்டும் கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. "நீங்கள் அனுப்பிய வார்ப்புகள் எங்கள் குழிக்குள் போகவில்லை. அளவு தவறு. என்ன செய்யப்போகிறீர்கள்?" அவ்வளவுதான். ஒரு வணக்கம் இல்லை, ஒரு நலமா இல்லை. எங்கள் கோயமுத்தூரில் சண்டைக்கு வருகிறவன்கூட, "ஏனுங்க, சாப்பிட்டாச்சுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் சட்டையைப் பிடிப்பான்.

கணபதியில் இருக்கிறது எங்கள் பவுண்டரி. மாமனார் ஆரம்பித்தது. பம்ப் செட்டுக்கு உடல், கிரைண்டருக்கு அடிக்கட்டை, இப்படித்தான் வண்டி ஓடுகிறது. என் வீட்டுக்காரர் ஆனைமலையில் தென்னந்தோப்பே கதி என்று இருந்துவிட்டார். ஆபீசும் ஆர்டரும் என் தலையில். உலையும் அச்சும் கொழுந்தனார் தங்கவேலுவின் பொறுப்பு. ரயில் வேலை எங்களுக்கு அதுதான் முதல் தடவை.

அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. அந்தப் பள்ளத்தாக்கின் வாசலோடு பெரிய ரயில் பாதை நின்றுவிடும். அதற்கு மேல் மலைக்குள் போவது சின்னப் பாதை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரியதில் பாதிதான். மேட்டுப்பாளையத்தில் நாம் பெரிய ரயிலை விட்டு இறங்கி, மூட்டை முடிச்சோடு ஊட்டி ரயிலுக்கு ஓடுகிறோமே, அதே கதை. ஆனால் அவர்கள் சரக்கை இறக்குவதே இல்லை. பெட்டியைச் சக்கரத்தோடு அப்படியே சின்ன ரயிலின் முதுகில் ஏற்றிவிடுகிறார்கள்!

பெரிய தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு நீளக் குழி. குழிக்குள் சின்னப் பாதை. அதில் வரிசையாகக் குட்டி வண்டிகள் நிற்கும். மேலே சரக்குப் பெட்டியை மெதுவாகத் தள்ளினால், அதன் ஒவ்வொரு சக்கர அச்சுக்கும் கீழே ஒரு குட்டி வண்டி வந்து, இரண்டு இரும்புக் கைகளைத் தூக்கி அச்சைப் பிடித்துக்கொள்ளும். குழி முடிகிற இடத்தில் பெரிய தண்டவாளமும் முடிந்துவிடும். அதற்கப்புறம் பெட்டி குட்டி வண்டிகளின் மேல் உட்கார்ந்து மலை ஏறும். அந்த இரும்புக் கைகள் பழசாகி விரிசல் விட்டிருந்தன. அதை ஊற்றிக் கொடுத்த அவர்கள் ஊர் பவுண்டரி எப்போதோ மூடிவிட்டது. அப்படித்தான் அந்தக் கைகளின் அளவுப் படம் எங்களிடம் வந்தது. மாமனார் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். பொள்ளாச்சிப் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் போத்தனூரில் மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்றியதைப் பார்த்தவர் அவர்.

நான் பதில் போட்டேன், அவர்கள் பதில் போட்டார்கள். எழுதியது மார்ட்டா என்கிற அம்மாள், ரயில் பட்டறைக்குப் பொறுப்பு. விஷயம் இதுதான். மலைமேல் ஒரே ஒரு மர ஆலை. அதன் சரக்கை நம்பித்தான் அந்தச் சின்ன ரயில் ஓடுகிறது. விரிசல் விட்ட கைகளோடு வண்டி ஓட்டக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். ஆலைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன். பெட்டி குழியைத் தாண்டாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து எல்லாம் லாரியில்தான்" என்று சொல்லிவிட்டாராம். சரக்கு போனால் ரயிலும் போயிற்று, மார்ட்டாவின் பட்டறையும் போயிற்று. இதற்கெல்லாம் காரணம் கோயமுத்தூர் இரும்பு என்று அந்த ஊரே பேசும்.

"அளவு தப்பா? நம்ம அளவுங்களா?" என்று தங்கவேலு கேட்டார். அந்தக் கேள்விதான் என்னையும் குடைந்தது. படத்தைப் பத்து தடவை பார்த்து ஊற்றியது. நேரில் போய் அவர்கள் குழியையே அளந்து, தப்பு யார் பக்கம் என்று முகத்துக்கு நேரே காட்டிவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். அளவு பார்க்கும் வெர்னியரை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். கண்காட்சி ஒன்றுக்குப் போவதாக எடுத்து வைத்த விசா இரண்டு பேருக்கும் கையில் இருந்தது, கொழுந்தனாரையும் கிளப்பினேன்.

வியாழக்கிழமை அந்த நாட்டில் இறங்கினோம். ரயில் சுத்தமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுத்தத்தை வைத்து என்ன செய்ய? வழியில் ஒரு ஊரில் ரயிலை இரண்டாக அறுத்து, முன்பாதியை ஒரு பக்கமும் பின்பாதியை ஒரு பக்கமும் அனுப்புகிறார்கள். அந்த நேரம் பார்த்துத் தங்கவேலு கழிப்பறையைத் தேடி முன்பாதிக்குப் போயிருந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கொழுந்தனார் வேறு ஊருக்குப் போகிறார்! டிக்கெட் பார்க்கிறவரைப் பிடித்துச் சத்தம் போட்டேன். "அறிவிப்பு செய்தோமே, அம்மா" என்றார். ஜெர்மனில் செய்தார்கள். உக்கடத்தில் பஸ் எடுப்பதற்கு முன் கண்டக்டர் கதவில் நாலு தட்டுத் தட்டி, ஊர் பேரைத் தொண்டை கிழியக் கத்தி, ஏறாதவனையும் இழுத்துப் போட்டுக்கொண்டு போவார். இங்கே மெல்ல மணி அடித்து, மெல்லிய குரலில் சொன்னார்களாம்.

தங்கவேலு அடுத்த ரயிலில் வந்து சேர்ந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே ஆப்பிள் வைத்துச் சுட்ட பண்டம்.

"ஏனுங்க தம்பி, இங்க எனக்கு உசுரு போகுது, நீங்க பலகாரம் வாங்கித் தின்னுட்டு வர்றீங்களா?"

"வாங்குலீங்க அண்ணி. பக்கத்துல ஒரு அம்மணி உக்காந்திருந்துதுங்க. நான் முழிக்கறதப் பாத்துப்போட்டுக் குடுத்துது. இறங்கி எந்த ரயிலு ஏறோணும்னு கைகாட்டி உட்டுதுங்க. நல்ல சனமுங்க."

பொட்டலத்தில் பாதி எனக்காக வைத்திருந்தார். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஊர் சின்னது. மாலையில் சந்தை இருந்தது. ஆப்பிள் ஒரு கிலோ கேட்டேன். கடைக்காரி தராசில் வைத்தாள். ஒரு ஆப்பிள் கூடிவிட்டது. கோயமுத்தூராக இருந்தால், "இருக்கட்டும் கண்ணு, கொண்டு போ" என்பார்கள். இவள் அதை எடுத்துவிட்டு, கூடையைக் கிளறி, சின்னதாக ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்து, முள் கிலோவில் வந்து நின்ற பிறகு பையில் போட்டாள். எனக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது. உக்கடம் மார்க்கெட்டில் அரைக் கிலோ தக்காளி வாங்கினாலும் ஒரு கொத்து கறிவேப்பிலையும் ரெண்டு பச்சை மிளகாயும் கேட்காமல் விழும். விழாவிட்டால் அந்தக் கடைக்கு மறுபடி போக மாட்டோம். "எச்சக் கையில காக்கா ஓட்டாதவளா இருப்பாளாட்டிருக்குதுங்க" என்றார் தங்கவேலு. ரயிலில் பார்த்த நல்ல சனம் அதற்குள் அவருக்கு மறந்துபோயிருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சூப் என்று ஒன்று வந்தது. தோசையைக் கீறிப் போட்ட மாதிரி இருந்தது, ஆசையாக ஸ்பூனை வைத்த பிறகு விசாரித்தால் மாட்டெலும்புச் சாறாம். அப்படியே தள்ளி வைத்தேன். காய்கறி மட்டும் என்று மூன்று தடவை சொல்லியிருந்தேன். "மேலே மிதப்பது வெறும் மாவுதானே" என்று பரிமாறுகிற பெண் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டாள். கடைசியில் கொழுக்கட்டை மாதிரி ஒன்று கொண்டுவந்தாள், உள்ளே முழுசாக ஒரு ஆப்ரிகாட் பழம். அதைச் சாப்பிட்டுப் படுத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை பட்டறைக்குப் போனோம். மார்ட்டாவுக்கு என் வயசுதான் இருக்கும். நரைத்த தலையை ஒட்ட வெட்டி, கை முழுக்க கிரீஸோடு நின்றாள். கை குலுக்கிவிட்டு நேராகக் குழிக்குக் கூட்டிப்போனாள். காபி வேண்டுமா என்று கேட்கவில்லை.

குட்டி வண்டிகளில் எங்கள் இரும்புக் கைகளை மாட்டி வைத்திருந்தார்கள். ஒரு பெட்டிக்கு நாலு வண்டி, எட்டுக் கை. பார்த்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். சொரசொரப்பு இல்லை, ஓட்டை இல்லை, கன்னுக்குட்டி முதுகு மாதிரி வழவழவென்று இருந்தது. மார்ட்டா ஒரு வண்டியைத் தள்ளிக் காட்டினாள். குழி முடிகிற இடத்தில் இரண்டு பக்கப் பெரிய தண்டவாளமும் கொஞ்சம் நெருங்கி வருகிறது. அங்கே எங்கள் கையின் வெளிப்பக்கம் தண்டவாளத்தில் உரசி, கிறீச்சென்று நின்றது.

"பார்த்தீர்களா?" என்றாள்.

"பார்த்தேன். உங்கள் குழிதான் நகர்ந்திருக்கிறது" என்றேன்.

அவளுக்குக் கண் விரிந்துவிட்டது. நான் விடவில்லை. பனி உறைந்து உருகுகிற ஊர், மண் இளகாதா, கான்கிரீட் அசையாதா, நூறு வருஷக் குழியைச் சரிபார்க்காமல் எங்கள் மேல் பழி போடுவதா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் கொட்டித் தீர்த்தேன். கூட வேலை செய்கிறவர்கள் கையில் இருந்ததை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மார்ட்டா அளவுகோலை என் கையில் கொடுத்தாள். குழியில் இறங்கி நானே அளந்தேன். தலையில், நடுவில், கடைசியில். படத்தில் என்ன இருந்ததோ அதே. ஒரு மயிரிழை மாறவில்லை.

பிறகு வெர்னியரை எடுத்து எங்கள் கையை அளந்தேன். துளைகள் சரி. உட்பக்கம் சரி. வெளிப்பக்கம் அளந்தபோது இரண்டு பத்து ரூபாய் நாணயத்தை அடுக்கி வைத்த கனம் கூடுதலாக இருந்தது. அடுத்ததும் அப்படியே. எட்டும் அப்படியே.

நான் மெதுவாகத் தலையைத் தூக்கித் தங்கவேலுவைப் பார்த்தேன்.

"அதுங்களா அண்ணி? நாந்தானுங்க வெளிப்பக்கம் கொஞ்சம் சேத்துப் போடச் சொன்னேன்" என்றார் அவர், முகத்தில் ஒரு சங்கடமும் இல்லாமல். "ரயிலு லோடு தாங்கோணுமில்லீங்களா. பம்புக்கும் அப்படித்தானுங்க ஊத்தறோம். தூக்கிப் பாத்தா கையில கனம் தெரியோணும். அதுக்குன்னு தனியா காசு எதுவும் போடலீங்க. கொசுறுதானுங்க."

அவர் சொன்னது உண்மை. எங்கள் பட்டறையில் அளவு பார்ப்பது என்றால் குறைகிறதா என்று பார்ப்பதுதான். குறைந்தால் தூக்கி உலையில் போடுவோம். கூடினால் யாரும் வாய் திறக்க மாட்டோம். கூடினால் அது தாராளம். தோட்டத்துக்காரர் கடைக்கு வந்தால் பம்பை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, "ம், இரும்பு இருக்குது" என்று சொல்லித்தான் வாங்குவார். ஊரே இப்படி வாங்குகிறது, ஊரே இப்படிக் கொடுக்கிறது. நானும் அனுப்புவதற்கு முன் குறைகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

"என்ன சொல்கிறார்?" என்றாள் மார்ட்டா.

கொசுறு என்பதை நான் எப்படி இங்கிலீஷில் சொல்வேன்? "கொஞ்சம் இரும்பு கூட வைத்திருக்கிறார். காசு வாங்கவில்லை. உங்கள் மேல் இருக்கிற மரியாதைக்கு" என்றேன்.

"யார் கேட்டார்கள்?" என்றாள்.

அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் கேட்டார்களாம்! கேட்டுக் கொடுத்தால் அதற்குப் பெயர் கொசுறா? அவள் மேல் கோபப்பட எனக்கு வழியில்லை, அதனால் எல்லாவற்றையும் கொழுந்தனார் மேல் இறக்கினேன்.

"ஏனுங்க தம்பி, படம்னு ஒண்ணு எதுக்குங்க போட்டுக் குடுத்திருக்கறாங்க? சொவத்துல மாட்டறதுக்குங்களா? நாளைக்கு அந்த ஆலைக்காரரு வந்து பாத்துப்போட்டு லாரிக்குப் போயிட்டாருன்னா, இந்தப் பொம்பளையோட பொழப்பு என்னாகுங்க? நம்ம பேரு என்னாகுங்க? நான் இந்தம்மா மூஞ்சிக்கு நேரா குழி நகந்து போச்சுன்னு கத்திப்போட்டேனுங்களே!"

தங்கவேலுவுக்கு அப்போதுதான் உறைத்தது. குழியைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார், மார்ட்டாவைப் பார்த்தார். "மிஷின் குடுக்கச் சொல்லுங்க அண்ணி. நானே ராவிப்போடறேன்" என்றார்.

அதிலும் ஒரு வில்லங்கம். வெள்ளிக்கிழமை மதியத்தோடு பட்டறையைச் சாத்திவிடுவார்களாம். ரயிலே மூழ்கப் போகிறது, இவர்கள் மணி பார்த்துக் கையைக் கழுவுகிறார்கள்! ஒருவர் பின் ஒருவராக "நல்ல வார இறுதி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் ஆட்களாக இருந்தால் வீட்டில் விசேஷம் என்றாலும் உலையை விட்டு நகர மாட்டார்கள். மார்ட்டா மட்டும் போகவில்லை. கிரைண்டிங் மிஷினை எடுத்து வைத்தாள், கண்ணாடி கொடுத்தாள், இன்னொரு மிஷினை அவளே எடுத்துக்கொண்டு தங்கவேலுவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொதுவாகக் கிடையாது. அவர் ஒரு கையை ராவ, அவள் ஒரு கையை ராவ, நான் மாறி மாறி அளந்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் நிறுத்து. நல்ல இரும்பு பொறி பொறியாகப் பறந்து அந்நிய மண்ணில் கொட்டியது. எனக்கு வயிறு எரிந்தது.

"மூட்டுப் பக்கம் போகாதீங்க தம்பி!"

"போகுலீங்க அண்ணி. சித்தச் சும்மா இருங்க."

வெளிச்சம் மங்குவதற்குள் எட்டும் முடிந்தது. மார்ட்டா கண்ணாடியைக் கழற்றினாள். முகமெல்லாம் கறுப்பு. அவளுடைய டிபன் டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த ரொட்டியை மூன்றாகப் பிய்த்துக் கொடுத்தாள். நடுவில் வெண்ணெய் மட்டும்தான், கறி இல்லை என்று சொல்லிக் கொடுத்தாள். நான் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை காலை ஆலைக்காரர் வந்தார். நெட்டையாக, பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு. மார்ட்டா எங்களை அறிமுகப்படுத்தியபோது தலையை மட்டும் அசைத்தார். காரை அணைக்காமலே விட்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக இருந்தது. ஏனய்யா, அவ்வளவு சீக்கிரம் கிளம்பிவிடுவோம் என்று முடிவே கட்டிவிட்டாயா?

மரக்கட்டைகள் ஏற்றிய பெட்டியை இன்ஜின் மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தது. முதல் அச்சு. குட்டி வண்டி கையைத் தூக்கிப் பிடித்தது. தண்டவாளம் நெருங்குகிற இடத்தைச் சத்தமே இல்லாமல் தாண்டியது. இரண்டாவது தாண்டியது. மூன்றாவது தாண்டியது. தங்கவேலு, "மாசாணியம்மா, மாசாணியம்மா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நாலாவது அச்சில் லேசாக ஒரு கிறீச். மார்ட்டா என் கையைப் பிடித்துவிட்டாள். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தாள். பெட்டி ஒரு குலுக்குக் குலுங்கி, தாண்டி, எங்கள் இரும்புக் கைகளின் மேல் உட்கார்ந்து சின்னப் பாதைக்குப் போனது.

ஆலைக்காரர் நாலு வண்டியையும் குனிந்து பார்த்தார். "சரி. வசந்தம் வரைக்கும் ரயிலிலேயே போகட்டும்" என்றார். காரில் ஏறிப் போய்விட்டார். அவ்வளவுதானா? நல்லது என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? நான் இதைத் தமிழில் சத்தமாகவே சொன்னேன். மார்ட்டா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அர்த்தம் தெரிந்த மாதிரிதான் இருந்தது. கிளம்பும்போது இன்னும் நாலு பெட்டிக்கான கைகளுக்கு வாய்வார்த்தையாகவே ஆர்டர் சொன்னாள். "படத்தில் இருப்பதுபோல. அதற்கு மேல் எதுவும் வேண்டாம், தயவுசெய்து" என்று தங்கவேலுவைப் பார்த்துச் சொன்னாள். அவருக்கும் அது புரிந்தது.

ஊருக்கு வந்ததும் பட்டறையில் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினேன். இந்த வேலைக்கு மட்டும் குறைந்தாலும் உலைக்கு, கூடினாலும் உலைக்கு என்றேன். கூடினாலுமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கவேலு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஊற்றினார். "இப்படி அளந்து அளந்து குடுத்தா கஞ்சப்பய பட்டறைன்னு பேராகிப்போகுமுங்க" என்று போகும்போதும் வரும்போதும் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு கையையும் உள்ளும் வெளியும் நானே அளந்தேன். எல்லாம் படத்தில் இருக்கிறபடி, ஒரு பிசிறு கூட இல்லாமல் வந்தது.

பெட்டியில் அடுக்கி, வைக்கோல் திணித்து, மேல்பலகையை வைத்தார்கள். தங்கவேலு ஆணியும் சுத்தியலுமாக நின்று என்னைப் பார்த்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். கேட்டது மட்டும் கேட்டபடி அளவாகப் படுத்திருந்தது. அந்த ஆப்பிள்காரி ஞாபகத்துக்கு வந்தாள். ராவிக்கொண்டே கறுத்துப்போன மார்ட்டாவின் முகமும் ஞாபகத்துக்கு வந்தது.

"இருங்க தம்பி, அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு எதிர்க் கடைக்குப் போனேன். கடலை மிட்டாய் இரண்டு பெரிய பாக்கெட் வாங்கிவந்து வைக்கோலுக்கு நடுவில் செருகினேன்.

"இது படத்துல இல்லீங்களே அண்ணி" என்றார் தங்கவேலு.

"ஆணியை அடிங்க" என்றேன். அளவு தவறு என்று இதற்கும் மூன்று வரி எழுதட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.